கயிறு அவிழ்த்தவன் சொன்ன வரி

பரமக்குடியில் ரயிலை விட்டு இறங்கி நூறு அடி நடப்பதற்குள் கஞ்சி வாசம் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டது. நெசவாளர் தெருவில் பாவு நீட்டிக் கட்டியிருந்தார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நூல். இரண்டு பேர் அதற்குக் கஞ்சி தடவிக்கொண்டே நடந்தார்கள். காலை வெயில் இன்னும் கூரைக்கு மேலேதான் இருந்தது. புளித்த, வெதுவெதுப்பான அந்தச் சோற்று வாசம் எனக்கு என் அப்பாவின் சட்டை வாசம்.

அப்பா கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் நூலுக்குக் கஞ்சி போடும் பிரிவில் இருந்தவர். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது மில்லில் நீண்ட வேலைநிறுத்தம். முடிந்தபோது எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், சங்கத்தை நடத்திய ஆறுமுகம் மாமாவைத் தவிர. அன்றைக்கு மில் வாசலில் நடந்த கூட்டத்தில், அப்பாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு அந்த வரியை முதன்முதலாகக் கேட்டேன்.

“கயிறு அவிழ்த்தவன் ஏறாமல் தோணி போகாது. யுத்த காலத்தில் சொன்னது யார் தெரியுமா?” என்று கேட்டுவிட்டுப் பேச்சாளர் ஒரு பெரிய தலைவரின் பெயரைச் சொன்னார். கூட்டம் கை தட்டியது. அப்பா தட்டவில்லை. மறுநாள் காலை ஷிஃப்டுக்கு உள்ளே போனார். ஆறுமுகம் மாமா வாசலிலேயே நின்றார்.

அந்தத் தலைவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் பெயருக்கு ஏற்கெனவே போதுமான சுவர்கள் இருக்கின்றன. அந்த வரி அவருடையது என்று ஒரு கட்சி சொல்லும். இல்லை, எங்கள் தலைவருடையது என்று இன்னொரு கட்சி சொல்லும். நானோ, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் என் புத்தகம் ஒன்றில் அந்த வரியை எழுதி, அடியில் மேடையில் கேட்ட பெயரையே போட்டேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. வரி அழகாக இருந்தது, எனக்கு அது போதுமானதாக இருந்தது.

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது, வாலிநோக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் எழுதியது. பள்ளி வாசலில் அந்த வரியைக் கல்லில் வெட்டி வைக்கிறோம், ஆதாரம் தங்கள் புத்தகம், நன்றி. இரண்டாவது, அதே ஊரிலிருந்து கோடு போட்ட தாளில். ‘அந்த வரி எங்க வாப்பா மீரான் சொன்னது. நீங்க எழுதுனதை வச்சு இப்ப வேற பேரு வெட்டப் போறாக. எழுதுனவுக வந்து பாத்துட்டுப் போங்க.’ அடியில் ஜெய்னம்பு என்று கையெழுத்து.

வந்துவிட்டேன்.

*

வாலிநோக்கம் போகிற பஸ் சீமைக் கருவேலங்காட்டு நடுவில் டயர் வெடித்து நின்றது. இறங்கினால் நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் பஸ் நின்றால் முதலில் ஒரு பேக்கரி கண்ணில் படும், தேங்காய் பன் தின்றுகொண்டே கோபப்படலாம். இங்கே கோபப்படக்கூட ஆளில்லை. எல்லோரும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, தினமும் நடக்கிற காரியம்போல ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

காலியாக உப்பு ஏற்றப் போன லாரி ஒன்றைக் கண்டக்டர் கை காட்டி நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார். டிரைவர் முதுகுளத்தூர்ப் பக்கம்.

“யாரு வீட்டுக்குக்கா?”

“ஜெய்னம்பும்மா வீட்டுக்குங்க.”

“கயித்து மீரான் மகளா?” ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார். “தலைவருக்கே பேச்சு எழுதிக் குடுத்த ஆளுல்ல. எங்க அய்யா சொல்லுவாரு. உப்பளத்துல வேலை பாக்கையில யாராவது பெருசா அளந்துவிட்டா, ‘ஏலே, மீரான் தோணில ஏறிட்டான்டா’ம்பாகளாம். இப்பயும் சொல்றதுதான்.”

நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அவரும் நிறுத்திக்கொண்டார். “தங்கமான மனுசன்னுதான் சொல்வாக” என்று சேர்த்துக்கொண்டார். இரண்டு பக்கமும் உப்பளம் வந்துவிட்டது. வெள்ளைக் குவியல்கள், நடுவே வானத்தைக் கட்டம் கட்டமாக வாங்கி வைத்திருக்கும் தண்ணீர். கண்ணைச் சுருக்காமல் எதையும் பார்க்க முடியவில்லை.

ஜெய்னம்புவுக்கு அறுபத்தெட்டு வயது இருக்கும். கதவைத் திறந்ததும் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

“எழுதுன ஆளு நீதானா. நா ஆம்பளைன்னுல்ல நெனச்சேன். உள்ள வா.”

“வரேனுங்கம்மா.”

“அம்மான்னு கூப்புடாத. லாத்தான்னு கூப்புடு. அக்காவ நாங்க அப்படித்தான் கூப்புடுவோம்.” பிறகு உள்ளே திரும்பி யாருமில்லாத அடுப்படியைப் பார்த்து, “வரேனுங்கவாம்ல” என்று சொல்லிக்கொண்டார். அங்கே இருந்த நான்கு நாளும் என் ‘ங்க’ அந்த வீட்டில் பொழுதுபோக்காக இருந்தது.

இடியாப்பமும் மீன் ஆணமும் வைத்தார். குழம்பை அவர்கள் ஆணம் என்கிறார்கள். தேங்காய்ப்பாலில் பாரை மீன், புளி இருப்பது தொண்டைக்குப் போன பிறகே தெரிந்தது. பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். வாசலில் தள்ளுவண்டியில் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் குடங்களை அடுக்கி வைத்துப் பெண்கள் தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்ததை வரும்போது பார்த்திருந்தேன். சிறுவாணித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றி வளர்ந்தவள், அந்தச் செம்பில் ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை.

லாத்தா அதே பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் சத்துணவு போட்டவர். ஊரில் பாதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டவர்கள்.

“எங்கிட்டச் சோறு வாங்கித் தின்னுக்கிட்டே ‘கயித்து மீரான் மக’ம்பானுக. சிரிச்சிட்டு விட்டுருவேன். இப்ப அதே வாசல்ல கல்லு வச்சிட்டா, நா மௌத்தாகுற வரைக்கும் தெனமும் அதத் தாண்டித்தான் கடைக்குப் போகணும். வாப்பா பொய்யருன்னு கல்லே சொல்லும்.”

பிறகு வாப்பாவின் கதையைச் சொன்னார். நூறு தடவை சொல்லிப் பழகிய கதை, ஒரு சொல் இடறவில்லை.

யுத்த காலம். போலீஸ் தேடிக்கொண்டிருந்த அந்தத் தலைவரைக் கடல் வழியாக இலங்கைக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. தோணி தங்கச்சிமடத்துச் சவரிமுத்துவினுடையது. தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள், அவர் சவரிமுத்துத் தண்டல். மீரானுக்கு அப்போது மீசை அரும்பிய வயது, தோணியில் கயிற்றாள். இதே வாலிநோக்கம் கரை, விடிகிற நேரம். எல்லோரும் ஏறியாயிற்று. மீரான் கரையில் அடித்த முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டு, தோணியைத் தள்ளி, நெஞ்சளவுத் தண்ணீரில் நடந்து கடைசியாக ஏறினான். தலைவரே கை கொடுத்துத் தூக்கிவிட்டார். “உனக்காகவா இவ்வளவு நேரம் நின்றது?” என்று கேட்டார். “கயிறு அவுத்தவன் ஏறாமத் தோணி போகாது” என்று மீரான் சொன்னான். பிற்பாடு தலைவர் அதை அக்கரைக் கூட்டங்களில் பேச, அது அவர் பெயரில் ஊருக்குத் திரும்பி வந்தது.

“அவ்வளவுதான். வாப்பா இதுக்கு மேல ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டாக, கொறைக்கவும் மாட்டாக.”

*

மறுநாள் பள்ளிக்கூடம். வேப்பமரத்தடியில் கல் சாய்த்து வைத்திருந்தது. வரி ஏற்கெனவே வெட்டியாயிற்று. எழுத்துகள் நல்ல ஆழம். அடியில் ஒரு பெயருக்கான இடம் மட்டும் வழுவழுவென்று காலியாக இருந்தது.

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்துச் சந்தோஷமும் பயமும் ஒன்றாகப் பட்டார். மேஜை டிராயரிலிருந்து என் புத்தகத்தை எடுத்தார். அந்தப் பக்கத்தில் சிவப்புக் கோடு.

“அச்சுல இருக்கே மேடம்.”

“அச்சில் போட்டது நான்தான் சார். எனக்கே தெரியாமல்தான் போட்டேன்.”

“ஜெய்னம்பும்மா மேல எனக்கு மரியாதை உண்டு. சும்மா விட்டுடல. அந்தத் தண்டலோட மகன் தங்கச்சிமடத்துல இருக்காரு, சூசைன்னு பேரு, எண்பதுக்கு மேல வயசு. போன் பண்ணிக் கேட்டேன். ‘மீரான்னு ஒருத்தன் அன்னைக்குத் தோணில வரல, எங்கப்பா அடிச்சுச் சொல்லிருக்காரு’ன்னுட்டாரு. அப்புறம் நா என்ன பண்ண? கல்லு வெட்டுறவர் திங்கக்கிழமை வாராரு. அவருக்கு அதுக்கப்புறம் ஒரு கோயில் வேலை இருக்காம்.”

அன்று வெள்ளிக்கிழமை.

சாயங்காலம் லாத்தாவோடு கடற்கரைக்கு நடந்தேன். வளைந்து உள்வாங்கிய அமைதியான கரை. படகுத்துறை இல்லை. மணலில் முளைகள், அவற்றில் கயிறுகள், கயிற்று நுனிகளில் படகுகள் கட்டிய மாடுகள் மாதிரி அசைந்துகொண்டிருந்தன. லாத்தா கீழக்கரைத் தொதலை ஒரு பேப்பரில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் நாக்கில் ஒட்டிக்கொண்டு பேச விடாத பண்டம். அதனால் அவர் பேசினார், நான் மென்றேன்.

“வாப்பாக்கு எடது கைச் சுண்டுவெரல் மடங்காது. சோத்தப் பெசையும்போது வலது கைய விட்டுட்டு நா அந்த வெரலையே பாத்துட்டு இருப்பேன். போலீஸ்காரன் பூட்ஸ் காலால மிதிச்சது. இந்தக் கரையிலதான். ராமநாதபுரத்துல கொண்டுபோய் அடைச்சு வச்சு, ஏழெட்டு மாசம் கழிச்சு விட்டானுக. இதெல்லாம் வாப்பா வெளிய சொல்ல மாட்டாக. உம்மா எனக்குச் சொன்னது.”

தொதலை விழுங்கிவிட்டு, “எப்போ பிடித்தார்கள் லாத்தா?” என்றேன்.

“அந்தத் தலைவர அனுப்புன அன்னைக்கேதான், அதுக்குத்தான். வேற எதுக்குப் புடிப்பான்?”

அவர் மஃரிபு தொழ வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். நான் தொதல் பேப்பரை மடித்துக்கொண்டே பின்னால் நடந்தேன். ஏதோ ஒன்று உறுத்தியது, என்னவென்று தெரியவில்லை.

*

என்னவென்று தெரிந்தது பாம்பன் பாலத்தின் நடுவில்.

மூன்றாம் நாள் தங்கச்சிமடத்துக்குப் போகிற பஸ். பாலம் ஏறியதும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். தினமும் போகிறவர்களும் சாய்ந்தார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. கீழே ஒரு பக்கம் கடல் பச்சை, மறுபக்கம் நீலம், நடுவில் பிளாஸ்டிக் கூடைபோல மிதந்து போகும் சின்னப் படகுகள். எனக்கு முன்னால் இருந்த அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம், “பாலம் வர்றதுக்கு முன்னாடி எங்க அம்மா ரயிலுக்கு நிப்பாக. ரயில் போயிட்டா போனதுதான், அக்கரைக்குப் போனது இக்கரையிலயும் நிக்குமா?” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

யாரோ முதுகில் தட்டியதுபோல நிமிர்ந்தேன். தோணியில் ஏறி அக்கரைக்குப் போனவனை அதே நாளில் இந்தக் கரையில் எப்படிப் பிடிப்பார்கள்?

வாப்பா இரண்டு கதைகளைத் தனித்தனியாக வைத்திருந்தார். ஊருக்குச் சொன்னது தோணிக் கதை. மனைவிக்குச் சொன்னது விரல் கதை. மகள் இரண்டையும் கேட்டிருந்தும் ஒன்றின் பக்கத்தில் மற்றதை வைத்துப் பார்த்ததில்லை. சூசை சொன்னது பொய்யில்லை. மீரான் அன்றைக்குத் தோணியில் ஏறவில்லை. அப்படியானால் அந்த வரி?

தங்கச்சிமடத்தில் இறங்கியதும் சூசை வீட்டைத் தேடாமல் நேராகக் கரைக்கு நடந்தேன். தைரியம் வருவதற்கு எனக்குக் கொஞ்சம் தண்ணீர் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு நாட்டுப்படகு புறப்படத் தயாராக இருந்தது. நான்கு பேர் உள்ளே, மோட்டார் உறுமுகிறது. முளைக்குப் பக்கத்தில் நான்தான் நின்றேன். உதவியாக இருக்கட்டும் என்று குனிந்து முடிச்சில் கை வைத்தேன்.

“யக்கா, யக்கா. தொடாதீக.”

படகிலிருந்து ஒருவர் குதித்து இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தார். முப்பது வயது இருக்கும், கழுத்தில் சிலுவை. கோபமில்லை, அவசரம்தான்.

“மன்னிச்சுக்குங்க. அவிழ்த்துவிடத்தானே வேணும்னு நினைச்சேன்.”

“கரையில நிக்கிறவுக அவுக்கக் கூடாதுக்கா. போறவந்தான் அவுக்கணும். அவுத்துட்டு அவனும் ஏறணும்.” முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். “அம்புட்டுப் பேரும் அவனை நம்பி உள்ள உக்காந்திருக்காக, அவன் அவுகள நம்பி வெளிய நிக்கிறான்.”

“அவர் ஏறாமலே படகு போயிட்டா?”

ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல என்னைப் பார்த்தார். “போகாதுக்கா. போனா அந்தப் படகுக்கு மறுநா எவன் ஆளா வருவான்? அந்த வீட்டுல எவன் பொண்ணெடுப்பான்?”

தள்ளினார், நடந்தார், ஏறினார். அதுவரை மோட்டார் அதே சத்தத்தில் உறுமிக்கொண்டு காத்திருந்தது. துறைமுகத்தில் பெரிய கப்பல்களுக்குக் கயிறு அவிழ்ப்பவர்கள் கரை ஆட்கள், கப்பலில் ஏறுகிறவர்கள் இல்லை. மேடையில் பேசுகிற எந்தத் தலைவருக்கும் அந்த வரி தானாகத் தோன்றியிருக்காது. இப்படிப்பட்ட ஒரு கரையில், இந்தக் கயிற்றைத் தொட்ட ஒரு கையிலிருந்துதான் அது வந்திருக்க வேண்டும்.

*

சூசை வீட்டை யாரைக் கேட்டாலும் “தண்டல் வீடு” என்றே வழி சொன்னார்கள். தோணி போய்ப் பல காலம் ஆகியும் பட்டம் வாசலிலேயே இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்த மனிதர், மார்பில் பைபாஸ் தழும்பு சட்டைக்கு மேலே எட்டிப் பார்த்தது. மருமகள் ஸ்டெல்லா சுக்குக் காப்பி கொண்டுவந்தார்.

வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வாத்தியார்ட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். மீரான் தோணில வரல. மாதா மேல ஆணையாச் சொல்லுவேன்.”

“நானும் அதைத்தான் சொல்ல வந்தேனுங்க அய்யா. அவர் வரவில்லை.”

இப்போது திரும்பினார்.

“அவர் கரையில் இருந்தார். கயிற்றை அவிழ்த்துவிட்டு நின்றார். தோணி அவரை விட்டுவிட்டுப் போனது.”

சூசை ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். ஸ்டெல்லா தட்டை எடுக்க வந்தவர் அப்படியே நின்றார்.

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லவில்லை. மீரான்கூடச் சொல்லவில்லை. சாகும்வரை தோணி நின்றது என்றுதான் சொல்லியிருக்கிறார்.”

“நின்னுச்சுன்னா?” அவருக்கு அது தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. “அவன் தானும் தோணில போனேன்னு பீத்திக்கிறான்னுதான எங்களுக்குச் செய்தி. நின்னுச்சுன்னா சொன்னாரு?”

“தலைவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார், தண்டல் காத்திருந்தார் என்று.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

“எங்கப்பா எறந்துபோற வருசம் எனக்கு மட்டும் சொன்னாரு. மீரான் கயித்த அவுத்துட்டான். தள்ளிட்டான். அந்நேரம் மேட்டுல டார்ச் லைட்டு. போலீசு. மீரான் நெஞ்சளவுத் தண்ணியில வந்துட்டான், இன்னும் பத்துப் பாகந்தான், அறுபது அடி இருக்கும். எங்கப்பா பாய்மரத்துல பாய ஏத்திட்டாரு. பயம். பெரிய மனுசர உள்ள வச்சிருக்கோமேன்னு பயம். மீரான் தண்ணில நின்னு கத்துறான். ‘கயிறு அவுத்தவன் ஏறாமத் தோணி போகுமா, தண்டலு?’ன்னு. ஒரு தடவைதான் கத்துனானாம். காத்துல அந்தத் தலைவருக்குச் சரியாக் கேக்கல. ‘என்ன சொல்றான் அவன்?’னு எங்கப்பாட்டக் கேட்டிருக்காரு. எங்கப்பா சொல்லித்தான ஆகணும்? தன் வாயாலயே சொல்லிருக்காரு. அந்தத் தலைவரு அக்கரை போற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலயாம்.”

ஸ்டெல்லா, “மாமா” என்று மட்டும் சொன்னார்.

“அதுக்கப்புறம் எங்கப்பா தண்டலா தோணில ஏறல. அடுத்தவன் தோணியில கூலியாளாப் போனாரு. கயித்தாளா. ஏன்னு யாருட்டயும் சொல்லல. ஊரு தண்டல் வீடு தண்டல் வீடுங்குது. நா எப்படிச் சொல்லுவேன், கயித்தாள விட்டுட்டு ஓடுன வீடுன்னு?”

“நாளைக்கு வாலிநோக்கம் வந்து அவங்க மகளிடம் சொல்றீங்களா?”

“வரமாட்டேன்” என்றார் உடனே. “எனக்கு நெஞ்சு சரியில்ல. போங்கம்மா.”

நான் எழுந்தேன். வாசல் வரை வந்த ஸ்டெல்லா பனங்கிழங்கு நாலை என் பையில் திணித்தார். திரும்புகிற பஸ்ஸில் அதை உரித்து நார் இழுத்துத் தின்றுகொண்டே, எனக்குக் கிடைத்த உண்மையை என்ன செய்வது என்று யோசித்தேன். அதைச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. ஏற்கெனவே ஒருமுறை, கேட்டதை அப்படியே எழுதி இந்தக் கல்லை இங்கே கொண்டுவந்து நிறுத்தியவள் நான்.

*

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு லாத்தா வீட்டு வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஸ்டெல்லா இறங்கினார். பிறகு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் சூசை.

“முதல் பூசைய முடிச்ச கையோட கெளம்பிட்டாரு. சொன்னாக் கேக்கல” என்றார் ஸ்டெல்லா. “மூணு வண்டி மாறி வந்தோம். அதுல ஒண்ணு மணல்ல சிக்கி, நாந்தான் எறங்கித் தள்ளுனேன்.”

லாத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். யார் என்று நான் சொன்னதும் முகம் இறுகியது. “வாங்க” என்றார், வந்தவருக்குச் சொல்லியாக வேண்டிய அளவுக்கு மட்டும்.

சூசை உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், என்னிடம் சொன்னதைவிடக் குறைந்த வார்த்தைகளில். டார்ச் லைட், ஏற்றிய பாய், தண்ணீரில் நின்று கத்திய பையன். சொல்லிமுடித்ததும் அவர் கை நாற்காலியைத் தேடியது.

லாத்தா என்னைப் பார்த்தார். “அப்ப எங்க வாப்பா தோணில ஏறலயா?”

“இல்லைங்க லாத்தா.”

“தலைவரு கை குடுக்கல?”

“இல்லைங்க.”

“இத்தனை வருசமா எங்கிட்ட வாப்பா சொன்னது பொய்யா?” குரல் ஏறியது. “அதத்தான ஊரே சொல்லுச்சு. அதச் சொல்லவா இம்புட்டுத் தூரத்துல இருந்து ரெண்டு பேரும் வந்தீக?”

சூசைதான் பேசினார்.

“பொய்தான்மா. ஆனா யாருக்காகச் சொன்னாரு பாருங்க. தோணி நின்னுச்சு, தண்டல் காத்திருந்தாருன்னு ஊரெல்லாம் சொல்லிருக்காரு. விட்டுட்டுப் போயிட்டான்னு ஒரே ஒரு தடவை அவர் வாயத் திறந்திருந்தா, எங்கப்பனுக்கு இந்தக் கடக்கரையில எவனும் ஒரு வாய்த் தண்ணி குடுத்திருக்க மாட்டான். எங்க அக்கா ரெண்டு பேரு கல்யாணம் நடந்திருக்காது. அவர் எங்க வீட்டக் காப்பாத்துனாரு. நாங்க, அப்படி ஒரு ஆளே தோணில வரலன்னு சொல்லிச் சொல்லி அவரப் பொய்யராக்கிட்டோம்.”

லாத்தா இடது கைச் சுண்டுவிரலை வலது கையால் மெதுவாக நீவிக்கொண்டார். அது அவருடைய விரல்தான், நன்றாக மடங்குகிற விரல்.

“உம்மாட்டக்கூடத் தோணி நின்னுச்சுன்னுதான் சொல்லிருக்காக” என்றார். “வெரல மட்டும் மறைக்க முடியல.”

அடுப்படிக்குப் போனார். பாத்திரச் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் மூன்று தட்டு. “இருந்து சாப்பிட்டுத்தான் போகணும். ஆணம் கொஞ்சம் உப்பாயிருக்கும். அழுதுட்டே வச்சேன்” என்றார். ஸ்டெல்லா முதலில் சிரித்துவிட்டார். அடுத்து லாத்தாவும்.

சாப்பிட்டுவிட்டு நாலு பேரும் தலைமை ஆசிரியர் வீட்டுக்குப் போனோம். பனியனோடு இருந்தவர் எங்களைப் பார்த்துச் சட்டை தேடி ஓடினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கட்சிக்காரங்க வந்து கேப்பாங்களே மேடம்” என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். என் புத்தகத்தில் அந்த வரிக்குக் கீழே உள்ள பெயர் தவறு, விசாரிக்காமல் எழுதினேன், அதைச் சொன்னவர் வாலிநோக்கம் மீரான். சூசை அடியில் கையெழுத்துப் போட்டார், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. சவரிமுத்துத் தண்டல் மகன் என்று அடைப்பில் எழுதினார். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை.

தலைமை ஆசிரியர் தாளை இரண்டு தடவை படித்தார். “அப்ப நாளைக்கு மீரான்னே வெட்டச் சொல்லிடுறேன். மூணு எழுத்துதான், இடம் தாராளமா இருக்கு. அடுத்த வாரம் வாசல்ல நட்டுரலாம்.”

திரும்பும் வழியில் லாத்தா பள்ளிக்கூடத்து மரத்தடிக்குப் போய்க் கல்லின் காலி இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். வெயிலில் சுட்டிருக்க வேண்டும், கையை உதறிக்கொண்டார்.

நான் எழுதுகிறவள், எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கடைசி வரி வேண்டும். பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போதெல்லாம் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். தலைவர் பேசியதைப் பற்றி, தண்ணீரில் நின்று ஒருவன் கேட்ட கேள்வி எப்படி ஒரு தேசத்துக்கு வாக்குறுதியாயிற்று என்பதைப் பற்றி. எதுவும் அமையவில்லை. மூன்று மணி பஸ் வந்தது. நானும் அவர்களோடு ராமநாதபுரம் வரை ஒரே பஸ்ஸில் போக வேண்டும். ஸ்டெல்லா ஏறி இடம் பிடித்தார். சூசை படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“கல்லு நடுற அன்னைக்கு நா வரணுமாம்மா? கையெழுத்துதான் போட்டுட்டேனே.”

“வரணும்ணே” என்றார் லாத்தா. “வீட்டுக்குள்ள சொன்னது எனக்குப் பத்தாது. வாப்பாவப் பாத்துச் சிரிச்சது தெருவுல. தெருவுல நின்னு சொல்லுங்க.”

“சொல்றேன்.”

“மைக்கு வச்சு.”

“மைக்கு வச்சே சொல்றேன்மா.”